பெங்களூர் இந்திராநகர் 100 அடி சாலை: நள்ளிரவில் சுற்றிச் சுற்றி ஓட்டுவதற்குத் தடை கேட்கும் மனு, வாசகம் எப்படி இருக்க வேண்டும்?

தூப்பனஹள்ளி வாசி (இழையைத் தொடங்கியவர்)

வெள்ளி, சனி இரவுகளில் 100 அடி சாலையில் ஓடும் வளையம் இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும். 100 அடி சாலையில் இறங்கி, நடுத்திட்டில் உள்ள யு-டர்ன் திறப்பில் திரும்பி, 12ஆவது மெயின் சாலைக்குள் புகுந்து, உள் கிராஸ்கள் (குறுக்குத் தெருக்கள்) வழியாக மறுபடியும் 100 அடி சாலை. அதே கார்கள், அதே பைக்குகள். இரவு 1 மணிக்கு மதுக்கூடங்கள் மூடும்போது கூட்டம் வெளியே வர, சாலை முழுதாக அடைத்துக்கொள்கிறது. ஆம்புலன்ஸ் வந்தால் ஒதுங்கக்கூட இடமில்லை.

குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் போக்குவரத்துக் காவல் துறைக்கு ஒரு மனு தயாராகிறது. இப்போதைய வரைவு இதுதான்: "இரவு 10 மணி முதல் அதிகாலை 4 மணி வரை, பொழுதுபோக்குக்காக ஒரே சாலையில் திரும்பத் திரும்ப வாகனம் ஓட்டுவது தடை செய்யப்பட வேண்டும். மீறுவோருக்கு 2,000 ரூபாய் அபராதம்." இதில் எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வீலியும் (ஒற்றைச் சக்கரத்தில் ஓட்டுவது) ரேஸும் இதில் சேராது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184, 189 பிரிவுகளே அவற்றுக்குப் போதும்.

சட்டப்பிரிவு

முதலில் "பொழுதுபோக்குக்காக" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். ஓட்டுபவரின் மனதில் என்ன நோக்கம் என்று எந்தக் காவலராலும் நிரூபிக்க முடியாது. "நண்பரை அழைத்துப் போக வந்தேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

அமெரிக்க நகரங்கள் பலவும் இதற்கு விதி போட்டபோது நோக்கத்தைத் தொடாமல் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டன. பென்சில்வேனியா மாநிலத்து யார்க் நகரின் விதி நல்ல முன்மாதிரி: இரவு 7 முதல் அதிகாலை 3.30 வரை, காவல் துறை குறித்த ஒரு கட்டுப்பாட்டுப் புள்ளியை எந்த 2 மணி நேரத்திலும் இரண்டு முறைக்கு மேல் கடந்தால் குற்றம். அந்த விதி உரிமை மீறல் என்று வழக்குப் போனது. ஊருக்குள் நடமாடுவதும் உரிமைதான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1990-இல் ஒப்புக்கொண்டது. ஆனால் நேரமும் இடமும் குறுக்கி வரையறுத்த கட்டுப்பாடு என்பதால் விதி செல்லும் என்றது. நமக்கும் அரசியல் சாசனத்தின் 19(1)(டி) நடமாடும் உரிமையும், 19(5) நியாயமான கட்டுப்பாடும் இருப்பதால் வாதம் ஏறக்குறைய இதே தடத்தில்தான் போகும். அதனால் நேரம், சாலை, எண்ணிக்கை மூன்றையும் எவ்வளவு குறுக்குகிறீர்களோ அவ்வளவு நல்லது. "இந்திராநகர் முழுவதும்" என்று எழுதினால் முதல் விசாரணையிலேயே விழும்.

அடுத்தது அதிகாரம். இங்கே கைக்கு எட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 115. அறிவிக்கையில் சொல்லும் விதிவிலக்குகளுக்கும் நிபந்தனைகளுக்கும் உட்பட்டு, குறிப்பிட்ட சாலையிலோ பகுதியிலோ வாகனம் ஓட்டுவதைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ அது இடம் தருகிறது. பெங்களூரில் காவல் ஆணையர் இதையும் கர்நாடக மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 221ஏ விதியையும் சேர்த்துக் காட்டித்தான் ஒருவழி, நுழைவுத் தடை ஆணைகளைப் போடுகிறார். 115-இல் கவனிக்க வேண்டியவை இரண்டு. தடை போட்டால் 116-இன் கீழ்ப் பொருத்தமான இடங்களில் பலகை வைத்தே ஆக வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் போகாத கட்டுப்பாடு என்றால் அரசிதழ் அறிவிக்கை தேவையில்லை, உள்ளூரில் விளம்பரப்படுத்தினால் போதும். மனுவில் முதலில் இந்த ஒரு மாதச் சோதனையைத்தான் கேளுங்கள்.

அபராதத் தொகையை நீங்கள் எழுதக் கூடாது. காரணம் தெரிந்தால் அதிர்ச்சியாக இருக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு 115-ஐ மீறுவது 194(1)-இன் கீழ் வருகிறது. அதில் அபராதம் 20,000 ரூபாய். டெல்லியில் காற்று மாசு கூடும் நாட்களில் பழைய புகை அளவுகோல்களின்படி வந்த பிஎஸ்-3 பெட்ரோல், பிஎஸ்-4 டீசல் கார்களை ஓட்டினால் 20,000 ரூபாய் போடுவது இந்த வழியில்தான். 100 அடி சாலையில் மூன்றாவது சுற்று வந்த ஒரு கல்லூரி மாணவனுக்கு 20,000 என்றால், காவலரே சலான் போடத் தயங்குவார். போட்டாலும் அளவுக்கு மீறிய தண்டனை என்று நீதிமன்றத்தில் கேள்வி எழும். 200-ஆவது பிரிவின் கீழ், நீதிமன்றம் போகாமல் கட்டி முடிக்கும் சமரசத் தொகையை மாநில அரசு குறைத்து நிர்ணயிக்கலாம், ஆனால் அது ஒரு சங்கத்தின் மனுவால் நடக்கிற காரியமில்லை.

மஞ்சள் போர்டு

சட்டப்பிரிவு சார் சொன்ன எண்ணிக்கைக் கணக்கு ஆட்டோக்காரங்களையும் கேப் ஓட்டுறவங்களையும்தான் முதல்ல பிடிக்கும். ராத்திரி 11 மணிக்கு 100 அடி சாலையில திரும்பத் திரும்ப வர்ற வண்டிகள்ல பாதிக்கு மேல யார்னு நின்னு பாருங்க. புக்கிங் வந்திருக்கும், ஆனா ஏத்திக்க நிறுத்த இடம் கிடையாது. நின்னா 122-ல நோ பார்க்கிங் சலான். அதனால ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வருவாங்க. கஸ்டமர் வெளியே வந்திருக்க மாட்டாரு, இன்னொரு ரவுண்டு. சவாரி கிடைக்காத ஆட்டோவும் அதே மாதிரிதான்.

வாடகை வண்டிக்கு விதிவிலக்குன்னு எழுதினா மஞ்சள் பலகை தப்பிச்சிரும், சரி. சாப்பாடு டெலிவரி பண்ற பசங்க? அவங்க ஓட்டுறது பெரும்பாலும் வெள்ளைப் பலகை பைக். ஒரே ஹோட்டல்லேர்ந்து ராத்திரி 10-க்கும் 1-க்கும் நடுவுல அஞ்சாறு தடவை வந்து போறது அவங்களுக்குச் சாதாரணம். ராத்திரி முழுக்க ஓடிச் சம்பாதிக்கிற பையனோட ஒரு நாள் கூலி இதுல போச்சுன்னா அந்த விதிக்கு யாருமே ஆதரவா நிக்கக் கூடாது.

எண்பலகை

மஞ்சள் போர்டு அண்ணா சொல்வது எண்ணிக்கையிலும் தெரியும். பார்க்கிங் தேடுபவர், காத்திருக்கும் கேப், டெலிவரி பைக், வேண்டுமென்றே சுற்றுபவர் ஆகிய நான்கு பேரும் எண்பலகை வாசிக்கும் கேமரா கண்ணுக்கு "அதே எண், மறுபடியும்" என்றுதான் படுவார்கள். பிரித்துக் காட்டுவது இடைவெளிதான்.

உதாரணத்துக்கு வளையம் 1.4 கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர் என்று வையுங்கள். ஒரு சுற்றுக்கு 7 நிமிடம். பார்க்கிங் தேடுபவர் மூன்று நான்கு சுற்று வருவார், 21 முதல் 28 நிமிடத்துக்குள் ஒன்று இடம் கிடைத்திருக்கும் அல்லது அடுத்த தெருவுக்குப் போயிருப்பார். அவருடைய பதிவுகள் எல்லாம் அரை மணிக்குள் நெருக்கமாக இருக்கும். சுற்றோட்டக்காரரின் பதிவுகள் இரண்டு, மூன்று மணி நேரத்துக்குப் பரவியிருக்கும். எனவே "2 மணி நேரத்தில் 3 முறை" என்ற விதி பார்க்கிங் தேடுபவரைப் பிடித்துவிடும். "முதல் பதிவுக்கும் கடைசிப் பதிவுக்கும் 60 நிமிடத்துக்கு மேல் இடைவெளி, அதற்குள் குறைந்தது 5 முறை, எங்கும் 10 நிமிடத்துக்கு மேல் நிற்காமல்" என்பது போன்ற வரையறை அவரை விட்டுவிடும். கேப்பையும் டெலிவரியையும் இதுவும் பிரிக்காது. அவர்களுக்கு விதிவிலக்கு எழுதித்தான் ஆக வேண்டும்.

கேமரா மட்டுமே சலான் போடும் என்று நம்பி மனு எழுதாதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ, மின்னணுக் கண்காணிப்பில் சலான் போடக்கூடிய குற்றங்களைப் பட்டியலிடுகிறது. வேகம், சிக்னல் மீறல், ஹெல்மெட், சீட் பெல்ட், எதிர்த்திசை வகையறா. சுற்று எண்ணிக்கை அதில் இல்லை. பட்டியலில் உள்ளவற்றுக்கும்கூட முன்னெச்சரிக்கைப் பலகை, ஆண்டுதோறும் புதுப்பித்த கருவிச் சான்று, 15 நாளுக்குள் அறிவிப்பு எல்லாம் வேண்டும். ஆகவே கேமரா யாரை நிறுத்திப் பார்க்கலாம் என்று காட்டலாம். நிறுத்தி எழுதுவது காவலர் வேலை.

வாசிப்புப் பிழையையும் கணக்கில் எடுங்கள். ஒரு தடவை சரியாக வாசிக்கும் வாய்ப்பு 95 சதவீதம் என்றால் நான்கு தடவையும் சரியாக வாசிக்கும் வாய்ப்பு 81 சதவீதம்தான். விட்டுப்போனால் பரவாயில்லை. தப்பாகச் சேர்ந்தால்தான் ஆபத்து. நம் எண் அமைப்பில் எந்த இடத்தில் எழுத்து, எந்த இடத்தில் இலக்கம் என்பது தெரியும் என்பதால் 'பி'யும் 8-உம் குழம்பினால் மென்பொருளே திருத்திவிடும். 3-உம் 8-உம், 'எம்'மும் 'என்'னும் குழம்பினால் அது திருத்தாது. ஒவ்வொரு பதிவின் படத்தையும் மனிதக் கண் பார்த்த பிறகே எச்சரிக்கை போக வேண்டும் என்று எழுதுங்கள். பொருந்தாத எண்கள் அன்றிரவே அழிய வேண்டும் என்பதையும் சேருங்கள். அந்தரங்க உரிமை பற்றி உச்ச நீதிமன்றம் 2017-இல் புட்டசாமி வழக்கில் வகுத்த அளவுகோலுக்கு முன்னால், சனிக்கிழமை இரவு யார் எங்கே போனார்கள் என்ற பட்டியலை மாதக்கணக்கில் வைத்திருப்பதை நியாயப்படுத்த முடியாது.

தூப்பனஹள்ளி வாசி

நன்றி. உள் கிராஸ்களில் இருப்பவர்களின் முதல் புகார் நெரிசலைவிட சைலன்சர் சத்தம்தான். அதையும் இதே மனுவில் சேர்க்கலாமா? மீட்டர் வைத்து அளந்து இணைக்கலாம் என்று ஒரு யோசனை.

டெசிபல்

தனி மனுவாகக் கொடுங்கள். சத்தத்துக்கான சட்டம் ஏற்கெனவே வலுவாக இருக்கிறது, எண்ணிக்கை விதியோடு கட்டினால் அதுவும் சேர்ந்து தாமதமாகும்.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு என்பது 10 முதல் 6 வரை. வரம்பு வணிகப் பகுதியில் 55, குடியிருப்பில் 45, அமைதி மண்டலத்தில் 40 டெசிபல். இவை சராசரி அளவுகள், அதாவது எல்இக்யூ. இங்கேதான் புகார் மனுக்கள் தோற்கின்றன. பின்னணி 60 டெசிபல் உள்ள தெருவில் 85 டெசிபலில் 4 விநாடி உறுமிக்கொண்டு ஒரு பைக் போனால், அந்த ஒரு மணி நேரச் சராசரி 61.3-க்குத்தான் ஏறும். தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்துவிட்டது, ஆனால் அறிக்கையில் 1.3 டெசிபல்தான் தெரியும். அதே 4 விநாடி 95 டெசிபல் என்றால் 66.5. ஆகவே சராசரியோடு எல்மேக்ஸ், அதாவது உச்ச அளவையும், ஒரு மணி நேரத்தில் அந்த உச்சம் எத்தனை முறை வந்தது என்பதையும் சேர்த்துப் பதியுங்கள். மீட்டரில் 'ஏ' வெயிட்டிங் (மனிதக் காதுக்கு ஏற்ற அளவீடு), 'ஃபாஸ்ட்' (வேகப் பதிவு) வைக்க வேண்டும். தரையிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர் உயரம், சுவரிலிருந்து 3.5 மீட்டராவது தள்ளி, காற்றுத் தடுப்புப் பஞ்சுடன். பால்கனியில் சுவரை ஒட்டி வைத்தால் எதிரொலியும் சேர்ந்து கூடுதலாகக் காட்டும், எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். தொடங்கும் முன்பும் முடித்த பின்பும் காலிபரேட்டர் (அளவு தெரிந்த ஒலியை எழுப்பும் கருவி) வைத்துச் சரிபார்த்த எண்ணை எழுதி வையுங்கள். மொபைல் ஆப் எண்களை இணைக்கவே வேண்டாம்.

ஒரு குறிப்பிட்ட பைக் சட்டவரம்பை மீறியது என்று தெருவில் மீட்டர் வைத்து நிரூபிப்பது கடினம். 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு 80 டெசிபல் என்பது ஆலைச் சோதனை வரம்பு. திறந்த தளத்தில், ஓடுபாதையின் மையக்கோட்டிலிருந்து 7.5 மீட்டரில் மைக் வைத்து அளப்பது. தெருவில் அந்த நிலைமை அமையாது. அதனால் பார்வைச் சோதனையைக் கேளுங்கள்: சைலன்சரில் தயாரிப்பாளர் முத்திரையும் பாக எண்ணும் இருக்கிறதா, கடைசி முனையில் டிபி கில்லர் என்ற சத்தம் குறைக்கும் செருகு கழற்றப்பட்டிருக்கிறதா, அதைப் பிடிக்கும் போல்ட் துளை காலியாக இருக்கிறதா. டார்ச் இருந்தால் இரண்டு நிமிட வேலை. கழற்றியிருந்தால் 182ஏ(4)-இன் கீழ் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய். சைலன்சரைத் தவிர்த்துப் புகைவிடும் கட்-அவுட் என்றால் 194எஃப், முதல் முறை 1,000, அடுத்து 2,000. 190(2) இன்னும் கடுமை: 10,000 ரூபாய் வரை, லைசென்ஸும் மூன்று மாதம் போகும்.

நடைமேடை

எண்ணுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். வளையத்தைத் துண்டித்துவிட்டால் எண்ண வேண்டிய தேவையே குறையும். சுற்றோட்டம் நடப்பதற்குக் காரணம் 7 நிமிடத்தில் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வர முடிகிறது என்பது. அதை 20 நிமிடம் ஆக்கினால் பெரும்பாலோர் விட்டுவிடுவார்கள். அதிலும் யார் எதற்கு வந்தார்கள் என்று ஒருவரையும் கேட்க வேண்டாம், டெலிவரி பையனும் சலான் கட்ட மாட்டான்.

செய்ய வேண்டியவை, எனக்குச் சரியென்று படும் வரிசையில்:

யு-டர்ன் திறப்புகள்தான் வளையத்தின் பூட்டு. இரவு 10 முதல் 2 வரை ஒன்றுவிட்டு ஒன்றை நீர் நிரப்பிய பிளாஸ்டிக் தடுப்புகளால் மூடுங்கள். கயிறும் கூம்பும் வேண்டாம், அரை மணியில் யாராவது நகர்த்திவிடுவார்கள். காலித் தடுப்பும் அப்படியே. தண்ணீர் நிரப்பினால்தான் நிற்கும், ஆகவே பக்கத்தில் நீர் எங்கே கிடைக்கும் என்பதை முதலிலேயே பாருங்கள். எல்லாவற்றையும் மூடினால் மருத்துவமனைக்குப் போகும் வண்டியும் சுற்றும், அதனால்தான் ஒன்றுவிட்டு ஒன்று.

அடுத்து 12ஆவது மெயினிலிருந்து உள் கிராஸ்களுக்குள் திரும்பும் இடம். இரவுநேர வலது திருப்பத் தடை, அல்லது கிராஸின் நடுவில் கழற்றக்கூடிய, பூட்டுள்ள இரும்புத் தூண்கள். தெருவாசிகள் மறுமுனை வழியாக உள்ளே வரலாம், ஊடே போக முடியாது. தூண்களைக் கழற்றினால் தீயணைப்பு வண்டிக்குக் குறைந்தது 4 மீட்டர் தெளிவான அகலம் கிடைக்க வேண்டும், சாவி தீயணைப்பு நிலையத்திலும் காவல் நிலையத்திலும் ஒன்றொன்று. தரைக்குள் இறங்கும் ஹைட்ராலிக் தூண்களைக் கேட்காதீர்கள். குழியில் மழைநீர் தேங்கி மோட்டார் போய்விட்டால் பாதி ஏறிய நிலையில் நின்றுவிடும்.

வேகத்தடை கேட்கலாமா என்று யாராவது சங்கக் கூட்டத்தில் எழுந்து சொல்வார்கள். இந்தப் பிரச்சினைக்கு அது எதிர்விளைவு. இந்திய சாலைக் காங்கிரசின் அளவுப்படி, 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், சரியாகக் கட்டினால் வேகம் 25-க்குக் குறையும். ஆனால் ஒவ்வொரு மேட்டுக்கும் பிரேக், தாண்டியதும் முறுக்கு. சத்தத்துக்குத்தான் மக்கள் அழுகிறார்கள், மேடு வைத்தால் அதே சத்தம் ஜன்னலுக்கு நேராக இரண்டு மடங்கு முறை கேட்கும்.

பிறகு மஞ்சள் போர்டு சொன்ன ஏற்றும் இடம். ஒரு மணி நேரத்தில் ஓரிடத்தில் 40 பேர் வண்டி ஏறுகிறார்கள், ஒவ்வொன்றுக்கும் 3 நிமிடம் என்றால் எந்த நேரத்திலும் சராசரியாக 2 வண்டி நிற்கும். 1 மணிக்குக் கூட்டம் ஒரேயடியாக வரும் என்பதால் 4 வண்டிக்கு இடம் வேண்டும். காருக்கு 6 மீட்டர், ஆக 24 மீட்டர். அதற்கு நான்கைந்து கார் பார்க்கிங்கை இரவு மட்டும் எடுத்தால் போதும். இதைச் செய்யாமல் சுற்றுபவர்கள் மேல் விதி போடுவது அநியாயம், நகரமே அவர்களைச் சுற்ற வைத்துக்கொண்டிருக்கிறது.

இங்கே சனி, ஞாயிறுகளில் தெருவை மாற்றுவது புதிதும் இல்லை. சர்ச் ஸ்ட்ரீட்டை 2020 நவம்பர் முதல் 2021 பிப்ரவரி வரை வார இறுதிகளில் வண்டி இல்லாத தெருவாக நடத்தினார்கள். அந்த அனுபவம் நகரத்தின் கோப்புகளில் இருக்கிறது, மனுவில் சுட்டிக்காட்டுங்கள்.

மஞ்சள் போர்டு

நடைமேடை மேடம் சொன்னது ஏத்துக்கலாம். ஒரே பயம், கூட்டம் அப்படியே 80 அடி சாலைக்கும் சிஎம்எச் ரோட்டுக்கும் போயிரும். அங்க இருக்கறவங்களுக்கும் தூக்கம் இருக்கு.

நடைமேடை

உண்மைதான், அதற்காகத்தான் முன்னும் பின்னும் எண்ண வேண்டும். சோதனைக்கு முன் இரண்டு வார இறுதி, சோதனையில் நான்கு, 100 அடி சாலையோடு பக்கத்து இரண்டு சாலைகளிலும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை மொத்த வண்டி எண்ணிக்கை, எண்ணின் கடைசி நான்கு இலக்கம். பக்கத்துச் சாலையில் திரும்ப வரும் எண்களின் பங்கு தெளிவாகக் கூடினால் சோதனையை நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையை மனுவிலேயே எழுதுங்கள். 80 அடி சாலைச் சங்கமும் அப்போதுதான் கையெழுத்துப் போடும்.

வளைவுச்சாலை

வெளிநாட்டு அனுபவத்தில் இன்னொன்றையும் சேர்க்கிறேன். கலிஃபோர்னியா 1980-களில் நகரங்களுக்குச் சுற்றோட்டத் தடை அதிகாரம் கொடுத்தபோது மூன்று காப்புகளை வைத்தது: அந்த இடத்தில் நெரிசல் இருப்பதாகப் பணியிலுள்ள மூத்த அதிகாரி தீர்மானிக்க வேண்டும், சாலையின் இரு முனைகளிலும் பலகை வேண்டும், ஓட்டுநருக்கு முதலில் எழுத்தில் எச்சரிக்கை தர வேண்டும், அதற்குப் பிறகு கடந்தால்தான் குற்றம். இவ்வளவு இருந்தும், லோரைடர் (தரையை ஒட்டித் தாழ்த்திய) கார்களை ஓட்டும் மெக்சிகோ வம்சாவளியினர் மேல்தான் அது விழுகிறது என்ற கண்டனம் பல ஆண்டுகள் தொடர்ந்தது. 2023-இல் மாநிலமே அந்த அதிகாரத்தைத் திரும்ப எடுக்க, 2024 ஜனவரி 1 முதல் தடைகள் போயின. யாரை நிறுத்துவது என்பதைக் காவலரின் கண்ணோட்டத்துக்கு விட்டால் இங்கேயும் அதுதான் நடக்கும். பழைய பைக், ஏழைப் பையன், வேறு மாவட்டப் பலகை இவைதான் முதலில் நிற்கும். எச்சரிக்கை கொடுத்த ஒவ்வொரு வண்டியின் வகையும் நேரமும் பதிவாகி மாதக் கடைசியில் வெளியாக வேண்டும் என்று கேளுங்கள்.

சட்டப்பிரிவு

இதுவரை வந்ததை வைத்து வாசகத்தை இப்படி மாற்றலாம். கன்னடத்தில் எழுதிக் கொடுங்கள், கோப்பு வேகமாக நகரும்.

"மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவுகள் 115, 116-இன் கீழ், 30 நாள் சோதனையாக, வெள்ளி, சனி இரவு 10 முதல் மறுநாள் 2 வரை, இணைப்பு வரைபடத்தில் குறித்த யு-டர்ன் திறப்புகளை மூடவும், குறித்த கிராஸ்களில் வலது திருப்பத்தைத் தடுக்கவும் வேண்டுகிறோம். ஆம்புலன்ஸ், தீயணைப்பு, காவல் வாகனங்களுக்கு விலக்கு. இதே காலத்தில் இரண்டு இடங்களில் தலா 24 மீட்டர் ஏற்றி இறக்கும் இடம் ஒதுக்க வேண்டும். சுற்று எண்ணிக்கைக்கு அபராதம் இப்போது கோரவில்லை. 60 நிமிடத்துக்கு மேல் பரவிய 5 கடப்புகள் உள்ள, வாடகைக்கோ டெலிவரிக்கோ ஓடாத வாகனங்களுக்கு எழுத்து எச்சரிக்கை மட்டும் வழங்கி, வகைவாரியான எண்ணிக்கையை வெளியிட வேண்டும்."

திருப்பத் தடையை மீறுபவர், போக்குவரத்துப் பலகைக்குக் கீழ்ப்படியச் சொல்லும் 119-ஐ மீறியவராகிறார், 177-இன் கீழ் 500 ரூபாய். அது காவலர் தயங்காமல் போடும் தொகை. ஆணையில் 115-ஐத் திறப்பை மூடுவதற்கும், 116, 119-ஐத் திருப்பத் தடைக்கும் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் 115-இன் கீழ்க் குவித்தால் 20,000 மறுபடியும் உள்ளே வந்துவிடும்.

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 163, பழைய 144, அதைக் கேட்கச் சொல்லி யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது அவசர நிலைக்கானது, மாநில அரசு நீட்டித்தாலொழிய இரண்டு மாதத்துக்கு மேல் நிற்காது. வாராவாரம் நடக்கும் நெரிசலுக்கு அதைப் போட்டால் நீதிமன்றம் கேட்கும் முதல் கேள்வியே அவசரம் என்ன என்பதுதான்.

எண்பலகை

டெலிவரி விலக்கை எப்படிக் காட்டுவது என்று வாசகத்தில் இல்லை. செயலியில் ஓடும் ஆர்டர் திரையைக் காட்டினால் போதும் என்று ஒரு வரி சேருங்கள், பை மட்டும் இருந்தால் போதும் என்று எழுதினால் எல்லோரும் பை வாங்கிவிடுவார்கள். ஆர்டர் இல்லாமல் உணவகத்துக்குத் திரும்பும் பையனுக்கு அன்றைய ஆர்டர் பட்டியல் போதும். அதுவும் அதே திரையில் இருக்கிறது.

தூப்பனஹள்ளி வாசி

சேர்த்துக்கொண்டேன். வரைபடத்தில் திறப்புகளுக்கு எண் போட்டு, எது மூடப்படும், எது திறந்திருக்கும் என்று குறிக்கும் வேலை நடக்கிறது. 80 அடி சாலைச் சங்கத்துக்கும் ஆட்டோ ஸ்டாண்ட் தலைவருக்கும் வரைவு போகும். ஏற்றும் இடம் எங்கே வர வேண்டும் என்பதை அவர்கள் வரைபடத்தில் குறித்துத் தந்த பிறகே துணை ஆணையர் அலுவலகத்துக்கு மனு போகும். சத்தத்துக்கான மனு தனியாக.